பந்தல் நிழலில் உடையாத கண்ணாடி

நேற்று உன் வீட்டுச் சுவரில் கண்ணாடி ஒட்டினேன்.

முன்னறையில், ஏரிப் பக்கத்து மூலையில், ஜன்னலுக்கு மேலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் ஏறியிருக்கிறது. பூச்சைக் கொத்தி, செங்கல் தெரியும் வரை இறங்கினேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து உள்ளங்கையில் எடுத்தேன். இறுகும்போது அது சூடேறும் இல்லையா, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி? அந்தச் சூடு கையில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். செத்தவனுக்குக் கடிதம் எழுதுவது முட்டாள்தனம். தெரியும். ஆனால் நம் பந்தயம் மறுபடி ஆரம்பித்திருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் ஆடினால் அது அழுகுணி ஆட்டம்.

கூப்பிட்டு அனுப்பியது உன் தங்கை செல்வி. அயனம்பாக்கத்திலிருந்து ஆவடியில் என் வீட்டுக்கு ஆள் வந்தது. போனதும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, செவுரு வாய தொறந்துக்கினு கீது. பக்கத்து ஊட்டுக்காரரு, இது ஏரி மண்ணு, நிக்காது, இடிச்சிட்டு வித்துட்டுப் போங்கன்றாரு. மனையக் கேட்டு அவரே ஆளும் இட்டாந்துட்டாரு. நீ பாத்து ஒரு வார்த்த சொல்லு. இருக்கலாமா, போவணுமா?”

நான் விரிசலைப் பார்த்தேன். விரலை விட்டேன். வெளியே போய் அடித்தளத்தைப் பார்த்தேன், மாடிக்கு ஏறிப் பார்த்தேன், இறங்கி வந்தேன். “ஒரு வருஷம் ஆகும் சொல்றதுக்கு” என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். “இன்னாண்ணே, எங்க அண்ணன் மாரியே பேசற?”

இதைக் கேட்டால் நீ எப்படிச் சிரித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். பொறுமை என்ற சொல்லே பிடிக்காத நான், ஒரு சுவரைப் பார்த்து ஒரு வருஷம் என்கிறேன். குற்றவாளி நீதான். நீயும் அந்தச் செத்த காலேஜும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்பு வார்க்கும் பட்டறைக்கு மாடியில் இருந்த நம் ஆபீஸை நினைத்துக்கொள்கிறேன். கீழே அச்சை உடைக்கும் சத்தத்தில் மேலே நம் வரைபலகைகள் அதிரும். நேர்கோடு போட வேண்டுமென்றால் இரண்டு சம்மட்டி அடிக்கு நடுவே போட்டுக்கொள்ள வேண்டும். நாம் இருவரும் படித்து முடித்து வந்த புதுசு. எண்பதுகள் முடிந்துகொண்டிருந்தன. கான்கிரீட்டால் ஆகாதது உலகத்தில் இல்லை என்று நான் நம்பினேன். நீ எதையும் சட்டென்று நம்பமாட்டாய், சாப்பாட்டு நேரத்தைத் தவிர. அதிலும் உன் டிபன் பாக்ஸை விட்டு என் டிபன் பாக்ஸில்தான் உனக்கு நம்பிக்கை அதிகம்.

சார் ஒருநாள் நம்மைக் கூப்பிட்டார். ஆபீஸ் அவருடையது. கெட்டவர் இல்லை. அவசரக்காரர், என்னைப் போல. நூறு வருஷத்துப் பழைய மியூசியம் கட்டடத்தில், மேற்குக் கூடத்தின் சுவர் இரண்டு மூலையிலும் விரிந்திருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். “பாத்துட்டு வந்து டிராயிங் போடுங்கப்பா. அந்தப் பகுதிய எடுத்துட்டு கான்கிரீட் தூண் போட்டுத் தூக்கிடலாம். வெளிய செங்கல் கலர் அடிச்சா யாருக்குத் தெரியப் போவுது?”

பார்ப்பதற்கு முன்பே என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டது எனக்கு உறைக்கவில்லை. உனக்கு உறைத்தது. ரயிலில் ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு, “டாக்டரு பொணம்னு எழுதிட்டாரு மச்சான், நாம போய் நாடி பாக்கணுமாம்” என்றாய்.

நம் பக்கத்து ஜனங்களுக்கு அது மியூசியம் இல்லை, செத்த காலேஜ். மிருகங்கள் இருக்கும் இடம் உயிர் காலேஜ். காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றோடு வந்து இரண்டையும் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் காலில் கடற்கரைக்கும் நடப்பார்கள். நீயும் அப்படி வந்தவன். எல்லாப் பிள்ளைகளும் திமிங்கில எலும்பைப் பார்த்தபோது நீ அண்ணாந்து கூரையைப் பார்த்து, கூட்டத்தில் தொலைந்து, அம்மாவிடம் அடி வாங்கியதாகச் சொன்னாய். அது பொய் என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன். நீயும் எலும்பைத்தான் பார்த்திருப்பாய்.

ஆனால் அன்று அந்தக் கூடத்தில் நின்றபோது நானும் அண்ணாந்தேன். சிவப்புச் செங்கல் சுவர், நான் கையை நீட்டினாலும் அதன் தடிமனை எட்டாது. வரிசையாக அரைவட்ட வளைவுகள். ஒவ்வொரு செங்கல்லையும் ஆப்பு மாதிரித் தேய்த்து, மரச்சாரத்தின் மேல் இரண்டு பக்கமிருந்தும் அடுக்கி வந்து, உச்சியில் பூட்டுக்கல்லை இறக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சாரத்தைத் தட்டிவிட்டால் போதும். பாரம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு இறுக்கமாகச் செங்கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கம்பி ஒன்றுகூடக் கிடையாது. கூரை நம் ஊர் மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வரிசையாக நிறுத்தி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய தளம். கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தட்டுவார்கள். கடைசியில் மேலே தட்டை ஓடு பதிப்பார்கள்.

நான் தாளை எடுத்துச் சுவரின் பாரத்தைக் கணக்குப் போட்டேன். நம் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்த எந்த விதிக்கும் அது அடங்கவில்லை.

“கணக்குப்படி இந்த வளைவு இப்டி நிக்கவே கூடாதுடா” என்றேன்.

“கணக்கு ஒன் கையில கீது. கட்டடம் அங்க கீது. ரெண்டுல எது நின்னுக்கினு கீது, பாத்துச் சொல்லு.”

பிறகு சுவரைத் தட்டிப் பார்த்தாய். நகத்தால் சாந்தைச் சுரண்டினாய். சுரண்டிய செங்கல் தூளை மோந்து பார்த்துவிட்டு, “இது எங்க அயனம்பாக்கத்து ஏரி மண்ணு மச்சான்” என்று அறிவித்தாய். எந்தச் சூளையில் வெந்த செங்கல் என்று யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. உன் அம்மா அந்தப் பக்கத்துச் சூளைகளில் செங்கல் சுமந்தவர் என்பதற்காக, இந்த மாகாணத்தில் வெந்த அத்தனை செங்கல்லும் உன் பாட்டன் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தாய். “கட்னவன் பேரு கல்லுல கீது. சொமந்தவ பேரு எங்க கீது? நாமளா சேத்துக்கணும்” என்றாய்.

விரிசல் தென்மேற்கு மூலையில்தான் அதிகம். கூரைக்கு அடியில் படுக்கையாக ஓடி, மூலையில் திரும்பி, வளைவின் தோளை நோக்கிச் சாய்வாக இறங்கியது. நான் பார்த்த மாத்திரத்தில் சொன்னேன்: அடித்தளம் இறங்குகிறது. களிமண் பூமி, பக்கத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம், மழையில் மண் ஊதும், கோடையில் சுருங்கும், மூலை உட்காரும். சார் சொல்வது சரி, எடுத்துவிட வேண்டியதுதான்.

நீ மேலே பார்த்துக்கொண்டிருந்தாய். மாடிக்கு ஏறிப் போனோம். ஒழுகுகிறது என்று யாரோ, எப்போதோ, பழைய சுண்ணாம்புத் தளத்தின் மேல் ஒரு கான்கிரீட் பலகையைக் கூடம் முழுவதுக்கும் ஒரே தகடாகப் போட்டு மூடியிருந்தார்கள். சுவரோடு சுவராக அணைத்துப் போட்டிருந்தார்கள். எங்கும் இடைவெளி இல்லை. நீ செருப்பால் அதைத் தட்டினாய். “இவன்தான்” என்றாய். “தரை இல்ல மச்சான். கூரை.”

“இல்ல, தரை.”

“கூரை. இன்னா பந்தயம்?”

ஒரு மாதம் முழுக்க ஸ்டேஷன் வாசலில் மசால் வடை. தோற்றவன் வாங்கித் தர வேண்டும்.

யார் சொல்வது சரி என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது, அதுவும் உனக்குத்தான் தோன்றியது. பூந்தமல்லியில் சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையில் வெட்டித் தள்ளிய கண்ணாடித் துண்டுகளை வாங்கி வந்தாய். மெல்லியது, விரல் அகலம். எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு நீயே வெட்டினாய். விரிசலின் இரண்டு பக்கத்திலும் பிடிக்கும்படி குறுக்கே ஒட்டிவிட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். வாயைத் திறந்து எதுவும் சொல்லாது, பொய்யும் சொல்லாது.

முதல் துண்டை நான் ஒட்டினேன். அவசரத்தில் வெள்ளையடித்த பூச்சின் மேலேயே ஒட்டிவிட்டேன். மறுநாள் பூச்சோடு சேர்ந்து பெயர்ந்து கீழே விழுந்து கிடந்தது. நீ அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டு, “சுண்ணாம்பு அசைஞ்சிச்சு மச்சான், நோட் பண்ணிக்க” என்றாய். அதற்கப்புறம் செங்கல் வரைக்கும் கொத்தி இரண்டு மூலையிலும் நீயே ஒட்டினாய்.

“எவ்ளோ நாள் பாக்கணும்?” என்று கேட்டேன்.

“ஒரு மழ, ஒரு வெயிலு.”

“ஒரு வருஷமா? சார் கொன்னுடுவாருடா.”

“கட்டடம் நூறு வருசம் நின்னுக்கினு கீது. ஒரு வருசம் நீ நிக்கமாட்டியா?” பிறகு சொன்னாய்: “ஒடஞ்சுதான்னு கேக்காத மச்சான். எப்ப ஒடஞ்சுதுன்னு கேளு. மழையில ஒடஞ்சா ஒன் தரை. வெயில்ல ஒடஞ்சா என் கூரை.”

சாரிடம் நீ எப்படிப் பேசினாய் என்று இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. டிராயிங்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாய். வேலை போய்விடும் என்றார். “போவட்டும் சார். செவுரு போனா திரும்ப வராது. எனக்கு வேற வேல கெடைக்கும்” என்றாய். உன் வீட்டுக்கு அப்போதுதான் கடைக்கால் தோண்டியிருந்தாய். வேலை போனால் வீடு அப்படியே நிற்கும். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். அவர் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டார். இடிக்கும் பேச்சு அடுத்த கோடைக்குத் தள்ளிப் போயிற்று.

கூடத்தில் காவலுக்கு இருந்த பாய் பூந்தமல்லிக்காரர். சிலைகளுக்குக் காவல் இருப்பதாகத்தான் நினைத்திருந்தார். நாம் அவரைக் கண்ணாடிக்குக் காவலாக்கிவிட்டோம். “இன்னா சார், தெனம் ஒருத்தர் வந்து செவுத்துல மொகம் பாத்துக்கினு போறீங்க. சீப்பும் ஒண்ணு மாட்டிடவா?” என்பார்.

மழை வந்தது. அந்த வருஷம் அம்பத்தூரில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் முழங்கால் வரை தண்ணீர். நான் நனைந்துகொண்டே மியூசியத்துக்குப் போவேன், இன்றைக்கு உடைந்திருக்கும் என்று. களிமண் குடித்துக் குடித்து ஊதியது. கண்ணாடி அப்படியே இருந்தது. இரண்டு மூலையிலும்.

“வட வாங்கு.”

“இன்னும் ஈரம் எறங்கல. தையில பாரு.”

தை போயிற்று. மாசியும் போயிற்று. கண்ணாடி அப்படியே.

பங்குனியில் நீ போரூர் பக்கம் வீட்டுக்குக் கம்பி விலை கேட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாய். காட்டுப்பாக்கத்தில் தண்ணீர் லாரி. உன் சுவர் ஜன்னல் உயரத்துக்கு எழும்பியிருந்தது. இதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுதினாலும் லாரி நிற்காது.

ஒன்றை மட்டும் எழுத வேண்டும், பின்னால் வருவதற்கு அது தேவை. உன் வாசலில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். பங்குனி வெயில். உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பந்தலுக்கு வெளியே மண் கொதித்தது. உள்ளே தரை சில்லென்று இருந்தது. உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொண்டு அன்று முழுவதும் அப்படியே இருந்தேன். வேறு எதையும் தொட முடியவில்லை.

கத்திரி தொடங்கிய வாரம் ஆபீஸுக்கு பாய் போன் செய்தார்.

“சார், ஒங்க கண்ணாடி பூடுச்சு. சாப்ட்டுட்டு ஒக்காந்துனு கீறேன், டப்புனு ஒரு சத்தம். பல்லி உயுந்துச்சுன்னு பாத்தா, கண்ணாடி ரெண்டா கீது.”

“எப்ப பாய்?”

“தோ, இப்பத்தான் சார். நல்ல உச்சி வெயிலு.”

தென்மேற்கு மூலை. உச்சி வெயில். நீ ஜெயித்துவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது. ஜெயித்ததைப் பார்க்க நீ இல்லை என்ற கோபம்.

சாருக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. “ஒடஞ்சிடுச்சா? முடிஞ்சுதுப்பா. ஒடஞ்சா செவுரு அசையுதுன்னு அர்த்தம். நீங்கதானே ஒட்டினீங்க? டிராயிங் ரெடியா வை. முடிவு சொல்ல மியூசியத்துப் பெரிய ஆபீசர் நேர்ல வர்றாரு.”

“எப்ப ஒடஞ்சுதுன்னு கேளுங்க சார்.”

“எப்ப ஒடஞ்சா இன்னா?”

“மழை முழுக்கத் தாங்கின கண்ணாடி, மண்ணுல சொட்டு ஈரம் இல்லாத நேரத்துல உச்சி வெயில்ல ஒடயுது. அசையறது தரை இல்ல சார். மேல போட்ட கான்கிரீட்டு. வெயில்ல நீண்டு செவுத்த வெளிய தள்ளுது. அத எடுத்துட்டா போதும். செவுரு நல்லா கீது.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். “தோ பாருப்பா. ஒன் சிநேகிதன் போயிட்டான்றதுக்காக ஒரு கட்டடத்த நான் நிக்க வெக்க முடியாது. மண்ணு காஞ்சாலும் சுருங்கும், மூலை எறங்கும். வெயில்ல அதுவும் நடக்கும். இல்லன்னு நிரூபி.”

சரியான கேள்வி. அவரைத் திட்டிக்கொண்டே படி இறங்கினேன், ஆனால் சரியான கேள்வி. உன் ‘எப்ப’ பாதிதான் பதில் சொல்லியிருந்தது. இன்னொரு மழை, இன்னொரு வெயில் என்று நீ காத்திருப்பாய். எனக்கு நேரம் இல்லை. ஆபீசர் வந்து தலையாட்டினால் கடப்பாறை வந்துவிடும்.

மாடிக்கு ஏறினேன். கான்கிரீட்டின் சூடு செருப்பைத் தாண்டிக் காலைச் சுட்டது. நிற்க முடியாமல் கால் மாற்றி மாற்றி நின்றபோது, உன் வாசல் தரை உள்ளங்கையில் வந்தது. அந்தச் சில்.

நேராகக் காட்டுப்பாக்கத்துக்குப் போனேன். உன் வீட்டுக்குப் பந்தல் போட்டவர் அந்த ஊர்க்காரர். தேடிப் பிடித்தேன். அடையாளம் தெரிந்துகொண்டார்.

“சார், ஒங்கள அந்த சாவு ஊட்ல பாத்தனே. இப்ப இன்னா, நல்ல காரியமா?”

“மியூசியம் மேல பந்தல் போடணும்.”

“எது மேல?”

“செத்த காலேஜ் மாடி மேல. பாதி மாடிக்கு மட்டும்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். “கல்யாணம் யாருக்கு சார், அந்த சிலைங்களுக்கா?” என்றார். ஆனால் வந்தார். கீற்றும் சவுக்குக் கழியும் மாட்டுவண்டியில் வந்து இறங்கியபோது வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பாய் எல்லோரிடமும், “ஒண்ணும் இல்ல, கட்டடத்துக்கு ஜொரம், நெழல் கட்றோம்” என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

ஏற்பாடு இதுதான். உடைந்த தென்மேற்கு மூலையில் புதுக் கண்ணாடி ஒட்டினேன், நீ வெட்டி வைத்த துண்டுகளில் ஒன்று. அந்த மூலைக்கு மேலே மட்டும் பாதித் தளத்துக்குப் பந்தல். வடமேற்கு மூலையை வெயிலில் விட்டேன். அங்கே பழைய கண்ணாடி உடையாமல் இருந்தது. தரைதான் அசைகிறது என்றால், தலைக்கு மேலே கீற்று போட்டதால் மண்ணுக்கு ஒன்றும் ஆகாது. கெட்ட மூலை மறுபடி உடையும். கூரைதான் என்றால், நிழலில் இருக்கும் கெட்ட மூலை அடங்க வேண்டும். வெயிலில் இருக்கும் நல்ல மூலை போக வேண்டும்.

அதன் பிறகு என்னால் செய்ய முடிந்தது உட்கார்ந்திருப்பது மட்டும். மச்சான், நான் உட்கார்ந்தேன். அந்த வாரம் முழுக்க பாயின் ஸ்டூலில், அவர் தரையில் துண்டு விரித்துக்கொள்ள, உட்கார்ந்தேன். நீ இருந்தால் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாய்.

வடமேற்கு மூலையின் கண்ணாடி உடைந்தபோது நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். எலும்புக்கூடு பார்க்க வந்த குடும்பம் ஒன்று பயந்து வெளியே ஓடியது. தென்மேற்கு மூலையில், நம் கெட்ட மூலையில், பந்தலுக்குக் கீழே, கண்ணாடி அசையவில்லை.

பெரிய ஆபீசர் வந்தார். குட்டையான மனிதர், அதிகம் பேசாதவர். சார் டிராயிங்கை விரித்தார். நான் விரிக்கவில்லை. “மேல வாங்க சார்” என்றேன். மாடிக்கு வந்தார். பந்தலுக்கு வெளியே குனிந்து கான்கிரீட்டின் மேல் கையை வைத்தார், சுருக்கென்று எடுத்துக்கொண்டார். பந்தலுக்குள் நுழைந்து மறுபடி வைத்தார். எடுக்கவில்லை. கை அப்படியே இருந்தது, உன் வாசலில் என் கை இருந்த மாதிரி.

“ரெண்டு கண்ணாடியும் எப்ப ஒடஞ்சுது?” என்று கேட்டார்.

எப்ப என்று கேட்டார், மச்சான். நான் எதுவும் தூண்டிவிடவில்லை.

“ரெண்டும் உச்சி வெயில்ல சார். மழையில ஒண்ணுகூட இல்ல. பந்தலுக்குக் கீழ இருக்கறது இன்னும் ஒடயல.”

“யாரோட யோசனை இது?”

“கண்ணாடி என் சிநேகிதன் யோசனை. பந்தல் அவன் ஊட்டுது” என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

கடப்பாறை வந்தது. ஆனால் சுவருக்கு இல்லை. அந்தக் கான்கிரீட் தகட்டைச் சின்னச் சின்னத் துண்டாக, உளியால், கீழே இருக்கும் பழைய தளம் அதிராமல் எடுத்தார்கள். பிறகு சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, பெண்கள் உட்கார்ந்து தட்டினார்கள். சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சுவரோடு சண்டை போடாது. சார் என்னைக் கூப்பிட்டு, “அந்தப் பையன் சொன்னது சரிதான்யா” என்றார். அவ்வளவுதான். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை. வேலை முடிந்த அன்று ஸ்டேஷன் வாசலில் மசால் வடை வாங்கினேன். தோற்றவன் நான்தானே? பாயும் நானும் தின்றோம். உன் பங்கையும் பாயே தின்றார்.

போன காணும் பொங்கலுக்குப் போயிருந்தேன். அதே கூட்டம், அதே கட்டுச்சோறு. யாரும் வளைவைப் பார்க்கவில்லை. எல்லோரும் எலும்பைத்தான் பார்த்தார்கள். வளைவு அது பாட்டுக்குப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்படித்தான் நிற்க வேண்டும்.

இப்போது உன் வீடு. நீ ஜன்னல் உயரத்தில் விட்டதை உன் அம்மாவும் செல்வியும் ஒரு மேஸ்திரியை வைத்து முடித்தார்கள். கூரை கான்கிரீட், சுவரோடு அணைத்துப் போட்டிருக்கிறார். கீழே ஏரிக் களிமண். அதே விரிசல், அதே சாய்வு. கூரையாக இருந்தால் சுலபம்: தளத்துக்கும் சுவருக்கும் நடுவே பிரித்துவிட்டு, மேலே வெயில் படாமல் ஓடு பதித்தால் அடங்கிவிடும். தரையாக இருந்தால் கஷ்டம்: மூலையைத் தாங்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, அடித்தளத்தைக் கெட்டி மண் வரை இறக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் செய்வேன். ஆனால் எது என்று தெரியாமல் யாரும் ஒரு செங்கல்லைத் தொட விடமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கூட்டி வந்த ஆளை நேற்றே அனுப்பிவிட்டேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் அனுப்பினேன். செல்வி சந்தோஷப்பட்டாள்.

பந்தயத்தில் நான் மறுபடி தரை என்றுதான் சொல்கிறேன். நீ கூரை என்பாய். நான் தோற்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஆசைப்படுகிறேன்.

நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது உன் அம்மா பின்னால் வந்து நின்றார். கண் இப்போது கொஞ்சம் மங்கல். ஆனால் கொத்திய இடத்தில் தெரிந்த செங்கல்லை விரலால் தடவி, “நல்லா வெந்த கல்லு” என்றார். பிறகு கேட்டார்:

“நைனா, இது ஒடஞ்சா ஊடு பூடுமா?”

“பூடாதும்மா. ஒடயட்டும். மழையில ஒடயுதா, வெயில்ல ஒடயுதான்னு மட்டும் பாத்துச் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

அவர் கோரைப்பாயை எடுத்து வந்து, சுவரைப் பார்த்தாற்போல் விரித்துப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கண்ணாடி எது தெரியுமா, மச்சான்? மியூசியத்தில் கான்கிரீட்டை எடுத்து முடித்த பிறகு, தென்மேற்கு மூலையில் பந்தலுக்குக் கீழே உடையாமல் இருந்ததை நான் பெயர்த்து எடுத்தேன். சிற்றுளியால், அரை நாள் உட்கார்ந்து, ஒரு கீறல் விழாமல். நான் எதையாவது அவ்வளவு மெதுவாகச் செய்தது அது ஒன்றுதான். பூந்தமல்லி கடையில் வாங்கி நீ வெட்டிய துண்டு. இத்தனை வருஷம் என் கருவிப் பெட்டியில் துணி சுற்றி இருந்தது. போன சைட்டுக்கெல்லாம் கூடவே வந்தது, எங்கும் ஒட்டவில்லை.

நேற்று ஒட்டினேன். உன் சுவரில், செங்கல் வரை கொத்தி. மேகம் ஏரிக்கு மேலே இறங்கிக்கொண்டிருக்கிறது. வரட்டும்.